மறு: ஊடகச் சார்பு / செய்திக்கோட்டம்

ஐயா, வணக்கம். செய்தி ஒரு பக்கம் சாய்வதை (media bias) ‘செய்திக்கோட்டம்’ என்று சொல்லலாம் என்று நம் குழுவில் எழுதியிருந்தேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

> ‘ஊடகச் சார்பு’ ஏற்கெனவே புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?

புழக்கம்தான் சிக்கல். சார்பு என்றதும் நம் ஆட்கள் கட்சியைத்தான் நினைக்கிறார்கள்: ஆளுங்கட்சி சார்பு டிவி, எதிர்க்கட்சி சார்பு பத்திரிகை. தேர்தல் செய்தியில் இனமும் பாலினமும் புகுந்துகொள்வது வேறு சங்கதி. வேட்பாளரை ஆதரிக்கும் நிருபரே அதைச் செய்வார்.

2008 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலக் காபிக்கடை ஒன்றில் ஹிலாரி கிளிண்டனுக்குக் கண் கலங்கியது. மறுநாள் அங்கே அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தல், போட்டியில் ஒபாமாவும் இருந்தார். அந்தச் சில நொடிகளையே டிவிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நிஜமா நடிப்பா என்று பட்டிமன்றம் வேறு. ஒபாமாவுக்கோ, அவர் போதிய அளவு கறுப்பர்தானா என்ற கேள்வி. 1972இல் அதிபர் வேட்பாளராக முயன்ற ஷெர்லி சிசோம், கறுப்பராக இருந்ததைவிடப் பெண்ணாக இருந்ததால்தான் அதிகம் ஒதுக்கப்பட்டதாகச் சொன்னார். இதிலெல்லாம் எந்தக் கட்சிச் சார்பைத் தேடுவது?

நம் பக்கத்துக்கு வாருங்கள். 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா புகாரால் வடசென்னையின் ஆர்.கே. நகர் தொகுதி இடைத்தேர்தல் ரத்தானது. அதிலிருந்து தண்டையார்பேட்டைப் பக்கம் மைக் நீட்டினாலே முதல் கேள்வி, “எவ்ளோ குடுத்தாங்க?” காசிமேட்டில் மீன் கூடையோடு நிற்கும் அக்காவிடம் இதைக் கேட்பார்கள், “யாரு ஜெயிப்பாங்க?” என்பது பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரருக்கு. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் கழிவைப் பற்றி அக்கா ஆரம்பித்தால் கேமரா நகர்ந்துவிடும்.

நடுவுநிலைமை அதிகாரத்தில் (குறள் 119) ‘சொற்கோட்டம்’, ‘உட்கோட்டம்’ இரண்டும் இருக்கின்றன. கோட்டம் என்றால் வளைவு, ஒரு பக்கம் சாய்வது. உட்கோட்டம், அதாவது மனம் சாய்வது, கச்சிதம்தான், ஆனால் இன்று அது டி.எஸ்.பி.யின் எல்லை. சொற்கோட்டம் என்றால் ஹிலாரியின் வீடியோ அடங்காது, அங்கே வளைந்தது சொல் அல்ல. ஆகவே ‘செய்திக்கோட்டம்’ என்கிறேன்.

> ‘பாரபட்சம்’ எல்லாருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் தெரிந்தே ஓரவஞ்சனை செய்ததாகத் தொனிக்கும். காசிமேட்டு நிருபர் பழக்கதோஷத்தில் கேட்கிறார், பாவம்.

> வள்ளுவர் கோட்டம் ஞாபகம் வராதா?

தனியாக நின்றால் வரும். பாலினக் கோட்டம், இனக் கோட்டம் என்று அடை சேர்த்தால் வராது என்றே நினைக்கிறேன். வடசென்னைக்கு நடப்பதை ‘வட்டாரக் கோட்டம்’ என்றால் மட்டும் பஸ் டிப்போ மாதிரி ஒலிக்கிறது. அதற்கு வேறு சொல் இருந்தால் குழுவினர் சொல்லுங்கள்.