தெற்குப் பக்கம் கருகிய குட்டை ஸ்புரூஸும் முன்முற்றத்துக் கற்பாறைத் தோட்டமும்

ஸ்காபரோ முற்றம்:

வணக்கம் உறவுகளே. கடந்த நத்தாருக்கு முன்னர், பல்பொருள் அங்காடி ஒன்றின் வாசலில், சிவப்புத் தாள் சுற்றிய சாடிகளில் இரண்டடி உயரமான கூம்பு வடிவ மரங்கள் விற்பனைக்கு இருந்தன. அட்டையில் 'குட்டை அல்பேர்ட்டா ஸ்புரூஸ்' என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் ஆசைப்பட்டதால் ஒன்றை வாங்கி, வரவேற்பறையில் வெப்பக்காற்று வரும் துவாரத்துக்கு அருகே ஐந்து வாரங்கள் வைத்திருந்துவிட்டு, ஜனவரி நடுப்பகுதியில் சாடியோடு வெளிப்படிக்கட்டின் ஓரத்துக்கு மாற்றினேன். மார்ச் வரை பச்சையாகவே நின்ற மரம், பனி கரைந்த பின்னர் தெற்குப் பார்த்த பக்கம் முழுவதும் செங்கல் நிறமாகிவிட்டது. விரலால் தடவினால் ஊசி இலைகள் உதிர்ந்து உள்ளங்கையில் விழுகின்றன. சுவர்ப் பக்கம் மட்டும் பச்சையாக இருக்கிறது. இதைக் காப்பாற்ற வழி உண்டா?

இதனோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் முன்முற்றம் பன்னிரண்டடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட களிமண் நிலம். பின்வளவைத் தோண்டியபோது கிடைத்த சுண்ணாம்புக் கற்களை வைத்து அங்கே ஒரு கற்பாறைத் தோட்டம் அமைத்து, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் குட்டை ஊசியிலை மரங்களை நடவும், படிக்கட்டின் இரு பக்கமும் சாடிகள் வைக்கவும் விரும்புகிறேன். முன்பு இங்கே குடியிருந்தவர்கள் வேலியோரம் நட்ட ஸ்புரூஸ் இன்று கூரையைத் தாண்டி நிற்பதால், எதை நம்பி வாங்குவது என்று தயக்கமாக இருக்கிறது. குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பும் முற்றத்தின் ஓரம் வரை தெறிக்கும்.

மார்க்கம் வளவு:

தங்கச்சி, மரத்தை இப்போதைக்குத் தூக்கி எறிய வேண்டாம். கருகிய கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. தவிட்டு நிறமாகக் காய்ந்திருந்தால் அதை வெட்டிவிடலாம். மே மாதம் நடுப்பகுதியில், உயிருள்ள மொட்டுகளின் மேலிருக்கும் மெல்லிய பழுப்புத் தொப்பி கழன்று, உள்ளிருந்து இளம்பச்சைக் குஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆனால் மொட்டும் ஊசியும் போன பழைய கிளையில் மறுபடி ஒன்றும் முளைக்காது என்பதால், அந்தப் பக்கம் மூடிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகலாம்.

நடந்தது இதுதான். வெளியில் நிற்கும் மரம், நாள் குறுகுவதையும் குளிர் ஏறுவதையும் உணர்ந்து இலையுதிர் காலம் முழுவதும் தன்னை மெல்ல மெல்லக் குளிருக்குப் பழக்கிக்கொள்கிறது. ஐந்து வாரச் சூட்டில் அந்தப் பழக்கம் கலைந்த பிறகு நீங்கள் அதை உறைகுளிரில் விட்டீர்கள். பிறகு மார்ச் வெயில் தெற்குப் பக்கத்து ஊசிகளைச் சூடாக்கி நீரை ஆவியாக்கியபோது, சாடி மண் கல்லாக உறைந்திருந்ததால் வேரால் ஒரு துளியும் மேலே அனுப்ப முடியவில்லை. வீட்டுக்குள் ஒருநாளும் வைக்காத அல்பேர்ட்டா ஸ்புரூஸுக்கே இங்கே இந்தக் கருகல் வருவதுண்டு. அதனால் அதைத் தெற்கு, மேற்கு வெயில் நேரே படாத இடத்தில் நடுவதும், முதல் சில குளிர்காலங்களில் சாக்குத்துணியால் மறைப்புக் கட்டுவதும் நல்லது.

இந்த மரம் இந்த நாட்டுப் பிள்ளை. 1904ஆம் ஆண்டில், பொஸ்டன் ஆர்னல்ட் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரட் ரேடர், ஜே. ஜி. ஜாக் ஆகிய இருவர், இன்று லேக் லூயிஸ் எனப்படும் அல்பேர்ட்டாவின் லகன் பகுதியில் இதைக் கண்டெடுத்தார்கள். சாதாரண வெள்ளை ஸ்புரூஸில் தற்செயலாகத் தோன்றிய வடிவம் இது. ஆண்டுக்கு 5 முதல் 10 செ.மீ. வரை வளரும். பத்து ஆண்டில் இடுப்பளவு நிற்கும் மரம், சில பத்தாண்டுகளில் 3 மீற்றரை எட்டிவிடும்.

உங்கள் தயக்கத்துக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. குட்டை என்றால் மெதுவாக வளர்வது என்று பொருளே தவிர, வளராமல் நிற்பது என்று பொருளல்ல. அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாட்டில், ஆண்டுக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக வளர்வது மிகச்சிறியது; 2.5 முதல் 15 செ.மீ. வரை வளர்வது குட்டை. ஆண்டுக்கு 3 செ.மீ. வளர்வதும் 14 செ.மீ. வளர்வதும் ஒரே பெயரில் விற்கப்படுவதால், அட்டையில் இருக்கும் உயரம் பத்தாம் ஆண்டுக்குரியதா என்று கேட்டு, ஆண்டு வளர்ச்சியையும் அறிந்துகொண்டே வாங்குங்கள்.

உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது: நடுவில் 'மொப்ஸ்' என்ற மியூகோ பைன், தாழ்வான இடத்தில் மெத்தைபோல் படரும் 'லிட்டில் ஜெம்' ஸ்புரூஸ், வீதியோரம் தரையில் படரும் கனடிய ஜூனிப்பர். மியூகோவும் ஜூனிப்பரும் உப்பை ஓரளவு தாங்கும். வெள்ளைச் சீடர் (white cedar) மரத்துக்கு உப்பு ஆகாது, அதன் குட்டை வகைகளை வீட்டுப் பக்கமாக வையுங்கள். சுண்ணாம்புக் கல் சீடருக்கு மிகவும் பிடித்தது. நயாகரா செங்குத்துப் பாறைகளின் வெடிப்புகளில் ஆயிரம் ஆண்டு கடந்தும் குட்டையாகவே சீடர் மரங்கள் நிற்கின்றன. அவற்றைக் குறுக்கியது மண்ணின் வறுமை. நாற்றுமேடையில் விற்கும் குட்டை வகைகளைக் குறுக்குவது அவற்றின் பிறவிக் குணம். கொழுத்த உரம் போட்டால் இவையும் அளவுக்கு மீறி நீண்டு அழகு கெடும் என்பதால் உரத்தை அடக்கியே கொடுங்கள்.

சாடியில் வேரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர் அடிப்பதால், உங்கள் பகுதியின் குளிர் வலயத்தைவிட (குளிர்காலக் கடுமையை வைத்து இடங்களைப் பிரிக்கும் எண்) இரண்டு வலயமாவது கூடுதல் குளிரைத் தாங்கும் இனத்தையே அதில் நட வேண்டும். சுட்ட மண்சாடி உறைந்தால் வெடிக்கும். மரப்பெட்டியோ தடித்த பிளாஸ்டிக்கோ போதும். நவம்பரில் மண் உறையும் முன்னர் நிறைய நீர் விடுங்கள். இடையில் பனி இளகும் நாட்களிலும் மண் காய்ந்திருந்தால் கொஞ்சம் விடலாம்.

முடிந்தால் ஒருநாள் பிள்ளைகளோடு ஹமில்ரனில் இருக்கும் ரோயல் பொட்டானிக்கல் தோட்டத்தின் பாறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். கைவிடப்பட்ட சரளைக்கல் குழியையே அப்படி மாற்றியிருக்கிறார்கள்.

வேர்க்கொடி:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கருகல் ஒரு பக்கத்தோடு நிற்காமல் உள்ளேயும் பரவினால், ஊசிகளின் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பூச்சியான சிலந்திப்பேனையும் சந்தேகியுங்கள். வெள்ளைக் கடதாசியைக் கிளைக்குக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். மிளகாய்த் தூள் அளவில் விழும் புள்ளிகள் நகர்ந்தால் அது பேன்தான். ஸ்புரூஸில் வரும் இனம் வசந்தத்தின் குளிர்ச்சியிலும் இலையுதிர் காலத்திலும்தான் பெருகும். நாம் கோடையில் பழுப்பைக் காணும்போது அது தன் வேலையை முடித்திருக்கும். வாரம் ஒருமுறை குழாய் நீரை ஊசிகளின் அடிப்பக்கமும் படும்படி வேகமாகப் பீய்ச்சினாலே நன்றாகக் குறைந்துவிடும். கூம்பைவிட்டு நீண்ட ஊசிகளோடு விரைந்து ஓடும் கிளை எதையும் கண்டால், அது தாய் மரத்தின் குணத்துக்குத் திரும்பிய கிளை. அடியோடு வெட்டிவிடுங்கள், விட்டால் மரம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

சறே தோட்டம்:

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். 'பாறைத் தோட்டத்துக்கு ஏற்றது' என்று எழுதி ஒரு கடையில் விற்ற 'எல்வூடி' என்ற லோசன் சைப்ரஸ் மூன்றை, இரண்டடிக்கு ஒன்றாக வீட்டு யன்னலின் கீழ் நட்டேன். இருபது ஆண்டுகளில் அவை யன்னலை மறைத்து, ஒன்றையொன்று நெருக்கி, உள்ளே வெறும் காய்ந்த குச்சிகளாக நின்றன. வெட்டிச் சிறிதாக்கலாம் என்று நினைத்தது என் தவறு. யூ (yew) மரம் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான ஊசியிலை மரங்கள் பச்சை இல்லாத பழைய தண்டிலிருந்து துளிர்ப்பதில்லை. மூன்றையும் வேரோடு எடுக்க வேண்டியதாயிற்று, அந்த இடத்தின் வெறுமை எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. இப்போது கல்தொட்டியில் 'கொம்பிரெஸ்ஸா' என்ற மெல்லிய ஜூனிப்பர் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஓரிரு விரற்கடை வளரும் அது, என் கையளவுதான் இருக்கிறது.

கற்களை அடுக்கும்போது மண்மேட்டின் மேல் சும்மா வைக்காமல், மூன்றில் ஒரு பங்காவது புதைத்து, பின்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். அப்போதுதான் மழைநீர் கல்லின் முதுகு வழியே வேருக்கு இறங்கும். களிமண்ணில் பள்ளம் தோண்டி நட்டால் நீர் தேங்கி வேர் அழுகும் என்பதால், சரளை கலந்த மண்ணை ஒன்றரை அடிக்காவது உயர்த்திக்கொள்வது அவசியம்.

ஸ்காபரோ முற்றம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுரண்டிப் பார்த்தேன்; மேல் பாதி பச்சை, தெற்குப் பக்கத்து அடிக்கிளைகள் காய்ந்திருக்கின்றன. கடதாசியில் எதுவும் நகரவில்லை. வீட்டின் வடகிழக்கு மூலையில், கருகிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி நடலாம் என்று இருக்கிறேன். சாடியிலிருந்து இழுத்தபோது, வேர்கள் சாடியின் வடிவத்திலேயே வளையம் வளையமாகச் சுற்றியிருந்தன. இதை அப்படியே நடலாமா, ஐயா?

மார்க்கம் வளவு:

அப்படியே நட்டால் வேர் வெளியே போகாமல் பல ஆண்டுகள் அதே வட்டத்தில் சுற்றும். வெளி வேர்களை விரலால் பிரித்து விடுங்கள். பிரியாதவற்றைக் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று, நான்கு இடங்களில் கீறிவிடுங்கள். சாடியில் மண் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டு புதையக்கூடாது. சுவரிலிருந்து நான்கடி தள்ளி நட்டு, இந்தக் கோடை முழுவதும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து நீர் விடுங்கள்.