பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை

2018 ஆவணியில் நடந்தது. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் டிசைன் செய்யும் இரண்டு கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 7. பில் போடும் கம்ப்யூட்டரில் மட்டும் உபுண்டு லினக்ஸ். கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் ஹார்ட் டிஸ்க் பெட்டியில். முகூர்த்த சீசன் உச்சத்தில் இருக்கும்போது உபுண்டுவை 16.04-இலிருந்து 18.04-க்கு ஏற்றினேன். அந்த நேரத்தில் கை வைத்தது என் தப்புதான்.

மறுநாள் காலையில் நாஸின் ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) உபுண்டுவில் மவுண்ட் ஆகவில்லை, அதாவது இணையவில்லை. 'மவுண்ட் எரர் 112, ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று வந்தது. பெட்டி செத்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? குனிந்து பார்த்தால் பச்சை விளக்கு எரிகிறது. கேபிளை மாற்றினேன். ஸ்விட்சில் வேறு போர்ட்டில் செருகினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். பிங் அடித்தால், அதாவது பெட்டி இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் கேட்டால், உடனே பதில் வருகிறது. பக்கத்து விண்டோஸில் அதே ஃபோல்டர் ஜம்மென்று திறக்கிறது. முதலாளி வேறு வந்து வந்து எட்டிப் பார்க்கிறார்.

மத்தியானத்துக்கு மேல்தான், கெர்னல் (லினக்ஸின் உட்கரு) எழுதும் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜ் பார்க்கத் தோன்றியது. அதில் தெளிவாக எழுதியிருந்தது: நாம் கேட்கும் எஸ்எம்பி (ஃபைல் பகிர கம்ப்யூட்டர்கள் பேசும் மொழி) பதிப்பு சர்வருக்குத் தெரியாது, பழைய சர்வர் என்றால் வெர்ஸ் ஆப்ஷனில் 1.0 கொடுத்துப் பார். பெட்டி உயிரோடுதான் இருந்தது, எஸ்எம்பி 1 மட்டும் பேசிக்கொண்டு. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அந்தப் பழைய எஸ்எம்பியின் ஓட்டை வழியாகத்தான். அதே வருடம் வந்த லினக்ஸ் கெர்னல் 4.13, தானாக எஸ்எம்பி 1-இல் பேசுவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-உம் 1709 பதிப்பிலிருந்து அதைத் தானாக நிறுவுவதில்லை. என் பழைய உபுண்டுவில் இருந்தது 4.4 கெர்னல், புதியதில் 4.15. எங்கள் விண்டோஸ் 7-க்கு இந்தக் கவலையே இல்லை.

அன்றைக்கு 1.0 போட்டு ஒப்பேற்றினேன். அப்புறம் நாஸின் செட்டிங்ஸ் பக்கத்தைத் துழாவினால், அதிகபட்சப் பதிப்பை எஸ்எம்பி 2 ஆக்க ஒரு டிக் பெட்டியே இருந்தது! அதைப் போட்டுவிட்டு 1.0-வை எடுத்துவிட்டேன். பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலின் வரியில் நோஃபெயிலையும் சேர்த்தேன். இல்லாவிட்டால் நாஸ் அணைந்திருக்கும் நாளில் பில் கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது அதற்காகக் காத்து நிற்கும்.

* * *

அண்ணே, எனக்கு 112 இல்லை, 13. 'பெர்மிஷன் டினைடு'.

வீட்டில் அக்காவின் விண்டோஸ் 10 லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, என் லினக்ஸிலிருந்து மவுண்ட் செய்யப் பார்த்தேன். பாஸ்வேர்டு சரி என்று சத்தியம் செய்கிறாள் அக்கா. நாலு இலக்கம், தினமும் அதைப் போட்டுத்தான் திறக்கிறாளாம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது பின் நம்பர். அந்த லேப்டாப்பைத் திறக்க மட்டும்தான் ஆகும், நெட்வொர்க்கில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் நிஜ பாஸ்வேர்டு அக்காவுக்கே மறந்துபோயிருந்தது. ஷேருக்கென்று தனியாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்கியதும் வேலை முடிந்தது.

முடிந்ததா? மவுண்ட் ஆனது, ஆனால் சேவ் ஆகவில்லை. எல்லா ஃபைலுக்கும் ரூட்தான் (லினக்ஸின் நிர்வாகி) சொந்தக்காரர். யுஐடி ஆப்ஷனில் என் யூசர் எண் 1000-ஐக் கொடுத்த பிறகுதான் எழுத விட்டது.

இன்னொன்று, பாஸ்வேர்டில் கமா வைக்காதீர்கள். மவுண்ட் கட்டளை ஆப்ஷன்களைக் கமா வைத்துத்தான் பிரிக்கிறது. வைத்தே ஆகவேண்டும் என்றால் பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் போட்டு, கிரெடென்ஷியல்ஸ் ஆப்ஷனில் அதைக் காட்டிவிடுங்கள்.

* * *

நான் சொல்லப்போவது எரரே வராத கேஸ். எனக்கு இதுதான் பெரிய தலைவலி.

நாட்டுப்புறப் பாடல் ஒலிப்பதிவுகளைப் பழைய மேக்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாகக் கொண்டுவந்தோம். லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குக் காட்டும் சாம்பா ஷேர், எல்லா விண்டோஸிலும் தெரிகிறது. தேடினால் 'பாட்டு' கிடைக்கிறது, 'கோலாட்டம்' கிடைக்கவில்லை. கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை! யாரோ விண்டோஸிலிருந்து அதே பாட்டை மறுபடி போட, ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கோலாட்டம்'. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் எப்படி இருக்க முடியும்?

பெயர்களைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பார்த்தேன். விண்டோஸில் அடித்த 'கோ' 6 பைட், மேக்கிலிருந்து வந்த 'கோ' 9 பைட். யூனிகோடில் ஓகாரத்துக்கு ஒரே குறியாக ஓர் இடம் உண்டு. ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தாலும் அதே எழுத்துதான். மேக்கின் பழைய ஃபைல் அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. 'பா'வில் பிரிக்க ஒன்றுமில்லை, அதனால் அது தப்பித்தது. மாட்டிக்கொள்வது ஒகரம், ஓகாரம், ஔகாரம் மட்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கான்வ்எம்வி என்ற சின்ன நிரலை என்எஃப்சி ஆப்ஷனோடு ஓட்டி எல்லாப் பெயரையும் சேர்த்தெழுத வைத்தோம். முதலில் அது மாற்றப்போவதைக் காட்ட மட்டும் செய்யும். நோடெஸ்ட் கொடுத்தால்தான் நிஜமாக மாற்றும். இரட்டைப் பெயர்களைக் கையால் பார்த்துப் பார்த்து நீக்க வேண்டியிருந்தது.

* * *

முதலில் எழுதிய அச்சகக்காரன்தான். பைட் எண்ணிப் பார்த்த அன்பருக்கு ஒரு கும்பிடு.

எங்கள் பெட்டி மறுபடி வேலை காட்டியது. டிசைன் கம்ப்யூட்டர்கள் இப்போது விண்டோஸ் 11 புரோ. 24எச்2 அப்டேட் ஏறியதும் இரண்டிலும் ஷேர் போய்விட்டது. இந்தத் தடவை கேபிளைத் தொடவில்லை. இத்தனை வருடமும் நாஸில் கெஸ்ட்டாகத்தான், பாஸ்வேர்டே இல்லாமல், நுழைந்துகொண்டிருந்தோம். 24எச்2 புரோவில் அது செல்லாது, எஸ்எம்பி கையொப்பமும் (அனுப்பியது நடுவில் மாறவில்லை என்பதற்கான முத்திரை) கட்டாயம். கெஸ்ட்டைத் திரும்ப அனுமதிக்க வழி இருக்கிறது, எனக்கு மனசு வரவில்லை. நாஸில் ஒரு யூசரும் நீளமான பாஸ்வேர்டும் வைத்தேன். இரண்டு கம்ப்யூட்டரும் திறந்துவிட்டன.

அந்தப் பாஸ்வேர்டை முதலாளி ஒரு பத்திரிகை அட்டையின் பின்பக்கம் எழுதி, பெட்டி மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.