பவர் பிரஸ்ஸில் தம்பியின் விரல்கள் போய்விட்டன, வழி சொல்லுங்கள்

வணக்கம். என் தம்பி அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கான்ட்ராக்டில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இயந்திரம்) ஓட்டுகிறான். போன மாதம் டைக்குள் (அச்சுக்குள்) சிக்கிய தகட்டை எடுக்கும்போது பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பட்டனை டேப் ஒட்டி வைத்திருந்தார்களாம். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சம்பளச் சீட்டில் மாதாமாதம் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருக்கிறார்கள். ஆனால் கான்ட்ராக்டர் இதுவரை விபத்து அறிக்கை அனுப்பவில்லை. "வீட்டில் அடிபட்டது என்று எழுதிக் கொடு, மொத்தமாக ஒரு தொகை தருகிறேன்" என்கிறார். அம்மா பயந்துபோய், வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலையில் நடந்த விபத்து என்று பதிவானால் குணமாகும்வரை கூலியில் 90 சதவீதம் வரும், ஒரு கையில் இரண்டு விரல் இழப்பைச் சட்ட அட்டவணைப்படி 20 சதவீதச் சம்பாதிக்கும் திறன் இழப்பாகக் கணக்கிட்டு ஊன இழப்பீடும் உண்டு என்று தெரியும்.

முதலாளி அறிக்கை தராதபோது நாமே இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? என்னென்ன காகிதம் கேட்டார்கள்? கூட வேலை செய்பவர்கள் சாட்சி சொல்லத் தயங்குகிறார்கள், அதற்கு என்ன செய்தீர்கள்?

அப்புறம், கைக்குப் பயிற்சி. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அங்கே பயிற்சிக்குப் போனவர்கள் எந்த நாளில், எத்தனை மணிக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். அவனுக்கு 26 வயதுதான். இப்போது இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான்.