வங்கியின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தால் எதை நம்புவது?

கேள்வி – வெண்முகில்

அனைவருக்கும் வணக்கம். தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்குச் சென்ற வாரம் ஓர் அழைப்பு வந்தது. திரையில் தெரிந்தது அவருடைய வங்கி அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள அதே எண். பேசியவர் பெரியம்மாவின் முழுப்பெயரையும் அட்டையின் கடைசி 4 இலக்கங்களையும் தாமாகவே சொல்லிவிட்டு, கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்க முயல்வதாகவும், அதைத் தடுக்க இப்போது வரும் ஓடிபி எண்ணைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். பெரியம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்துபோனதால் தப்பித்தார். எழுத்துப்பிழை இருந்தால் போலி, தெரியாத எண் என்றால் போலி என்று எங்கும் சொல்கிறார்கள். இங்கே அந்த இரண்டு அடையாளங்களுமே இல்லை. இத்தகைய அழைப்புகளையும் மின்னஞ்சல்களையும் எப்படித்தான் இனம் காண்பது?

மறுமொழி – தாழ்வாரம்

திரையில் தெரியும் எண், அழைப்பவரின் பக்கத்திலிருந்து அனுப்பப்படும் தகவல்தான். இணையவழித் தொலைபேசிச் சேவைகள் சிலவற்றில் அந்த இடத்தில் வேறொருவரின் எண்ணை இட்டு அனுப்ப முடிகிறது. மின்னஞ்சலின் கதையும் இதுவே. மின்னஞ்சல் அனுப்புவதற்கான விதிகளைக் கொண்ட எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வெளியானபோது, அனுப்புநர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய சோதனைகள் பின்னாளில் சேர்க்கப்பட்டவை. அவையும், மடல் இன்ன தளத்தின் பெயரால் முறையாக வந்ததா என்பதை மட்டுமே சொல்லும். மோசடிக்காரர் வங்கியின் பெயரை ஒத்த ஒரு தளப்பெயரைத் தாமே பதிவு செய்து அங்கிருந்து அனுப்பினால், அந்த மடல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர் (r), என் (n) இரண்டையும் நெருக்கி எழுதினால் சிறிய திரையில் எம் (m) போலவே தெரியும். முகவரிப் பட்டையில் உள்ள பூட்டுச் சின்னமும் இணைப்பு இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. போலித் தளங்களும் அதைப் பெற்றுவிடுகின்றன.

அட்டையின் கடைசி 4 இலக்கங்கள் ரசீதுகளில் அச்சாகின்றன; அவற்றைச் சொல்வதால் மட்டும் ஒருவர் வங்கி ஊழியர் ஆகிவிடமாட்டார். எனவே வந்த செய்தியை உற்றுப் பார்த்து மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கும் வேலையையே விட்டுவிடுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையில் உள்ள எண்ணை நாமே அழுத்தி அழைக்க வேண்டும். சில தரைவழித் தொலைபேசிகளில், அழைத்தவர் வைக்காதவரை இணைப்பு சிறிது நேரம் அறுபடாமல் இருக்கும் என்பதால், வேறொரு தொலைபேசியிலிருந்து அழைப்பது நல்லது.

மறுமொழி – கல்தூண்

ஓடிபி வரும் குறுஞ்செய்தியை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. எவ்வளவு தொகை, எதற்கு என்பதைப் பல வங்கிகள் அதிலேயே எழுதுகின்றன. பணம் போவதைத் தடுப்பதற்கு ஓடிபி எதற்கு என்ற கேள்வி அந்த நேரத்தில் எழுந்தாலே போதும். போலித் தளத்தில் நாம் இடும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அந்த நொடியே உண்மையான தளத்துக்குக் கடத்தி உள்ளே நுழையும் கருவிகளும் இருப்பதால், ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியைத் திறப்பதுபோல விரல்ரேகை, முகம் அல்லது பின் எண்ணால் உள்நுழையும் பாஸ்கீ வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். அது பதிவு செய்த தளத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது.

மறுமொழி – ஓடக்கரை

மேலே சொன்னவை சரிதான், ஆனால் பெரியம்மாவிடம் பாஸ்கீ பற்றிப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. "வைத்துவிட்டு நானே அழைக்கிறேன்" என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் பழக்கிவிடுங்கள். உண்மையான வங்கி ஊழியர் அதை மறுக்கமாட்டார்; மோசடிக்காரரோ துண்டிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பதறுவார். இது முதியவர்களின் அறியாமை என்றும் எண்ண வேண்டாம். 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களே போலி விலைப்பட்டியல்களை நம்பி, லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவரின் கணக்குகளுக்கு 10 கோடி டாலருக்கும் மேல் அனுப்பியிருக்கின்றன.

வெண்முகில்

மூவருக்கும் நன்றி. ஒருவேளை ஓடிபி எண்ணைச் சொல்லியே விட்டிருந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி – தாழ்வாரம்

முதலில் வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்ல வேண்டும். காவல்துறைப் புகார் அதற்கு அடுத்தது. மோசடிக்காரர்கள் சொல்லி, நம் திரையை அவர்களுக்குக் காட்டும் திரைப்பகிர்வுச் செயலி எதையாவது நிறுவியிருந்தால், அந்தக் கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் மடல்கள் அங்கேதான் வந்து சேரும். மடல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதேனும் புதிதாக முளைத்திருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். சில வாரங்கள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்று யாராவது அழைத்தால், அதுவும் பெரும்பாலும் அதே கும்பலாகவோ அவர்களிடம் ஏமாந்தவர்களின் பட்டியலை வாங்கியவர்களாகவோதான் இருக்கும்.