இருட்டுல கண்ணு ஓய்வெடுக்குதா?

ராமு பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) "விளக்கை அணைத்ததும் கண்ணின் செல்கள் ஓய்வுக்குப் போகின்றன. வெளிச்சம் பட்டால்தான் அவற்றில் மின்சாரம் ஓடும். அனைவருக்கும் பகிருங்கள்" 🙏

சித்ரா அத்தை: அண்ணா, அப்படியே தலைகீழா எழுதியிருக்கான். மங்கல் வெளிச்சத்துல பார்க்க உதவுற குச்சி செல்லுல இருட்டுலதான் கரண்ட் ஓடும். வெளிச்சம் பட்டா குறைஞ்சு நிக்கும்.

ராமு பெரியப்பா: நின்னுட்டா எப்படிம்மா கண்ணு தெரியும்?

சித்ரா அத்தை: அது நிக்கிறதுதான் மூளைக்குப் போற செய்தியே. குச்சி செல்லோட வெளிப்பகுதிச் சவ்வுல அயனி சேனல்கள் இருக்கு, மின்னூட்டம் உள்ள துகள் போற வாசல் மாதிரி. சைக்ளிக் ஜிஎம்பின்னு ஒரு மூலக்கூறு உள்பக்கமா ஒட்டி அதைத் திறந்து வைக்கும். இருட்டுல அந்த வழியா சோடியம் உள்ள வந்துட்டே இருக்கும், கூட கொஞ்சம் கால்சியமும். செல்லோட உள்பகுதி வழியா பொட்டாசியம் வெளியே போகும். இதுக்குப் பேரு இருள் மின்னோட்டம். 1970ல ஹேகின்ஸ், பென், யோஷிகாமி மூணு பேரும் எலியோட விழித்திரையில அளந்து காட்டினாங்க.

நிவேதா: இருட்டுலயும் எல்லாச் சேனலும் திறந்திருக்காது பெரியப்பா, நூத்துக்குச் சிலதுதான். அதுக்கே செல்லுக்குள்ள சுமார் −40 மில்லிவோல்ட்ல நிக்கும். சும்மா இருக்கிற நரம்பு செல் −70 கிட்ட இருக்கும். அதனால இருட்டுல அடுத்த செல்லுக்கு குளூட்டமேட்ங்கிற செய்தி ரசாயனத்தைக் கொட்டிட்டே இருக்கும்.

ராமு பெரியப்பா: சோடியம் வந்துட்டே இருந்தா உள்ள நிரம்பிடாதா?

சித்ரா அத்தை: உள்பகுதியில பம்ப் இருக்கு. ஏடிபிங்கிற எரிபொருள் மூலக்கூறு ஒண்ணு செலவழிச்சா 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. சுண்டெலியோட ஒரு குச்சி செல்லு இருட்டுல நொடிக்குச் சுமார் 10 கோடி ஏடிபி செலவழிக்குது. நல்ல வெளிச்சத்துல அதுல முக்கால் பங்குக்கு மேல மிச்சம்.

ராமு பெரியப்பா: ஒழுகுற டேங்குக்கு மோட்டார் ஓடிட்டே இருக்கிற மாதிரி.

சித்ரா அத்தை: 😀 அதேதான்ணா. பில்லு ராத்திரிதான் எகிறும்.

நிவேதா: வெளிச்சம் வந்தா நடக்கிறது இது. ஃபோட்டான்ங்கிற ஒளித்துகள், குச்சி செல்லுல இருக்கிற ரோடாப்சின்ங்கிற ஒளி வாங்குற புரதத்துல பட்டதும், அதுக்குள்ள வளைஞ்சு இருக்கிற 11-சிஸ் ரெட்டினால்ங்கிற மூலக்கூறு ஆல்-ட்ரான்ஸ் வடிவமா நிமிரும். ரோடாப்சின் டிரான்ஸ்டூசின்ங்கிற இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்பும், அது பிடிஇ6ங்கிற நொதியை முடுக்கும், அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பியை உடைக்கும். பிடிச்சுக்க ஆளில்லாம சேனல் மூடிக்கும். சோடியம் வரத்து நின்னுடும், பொட்டாசியம் போறது நிக்காது. அதனால உள்ள இன்னும் நெகட்டிவா ஆகி −65, −70 வரைக்கும் போகும், குளூட்டமேட் குறையும்.

நிவேதா: பரீட்சையில பாதிப் பேரு "வெளிச்சம் சோடியத்தை வெளியே தள்ளுது"ன்னு எழுதுவாங்க. தப்பு. தள்ளுறது பம்ப், அது எப்பவும் ஓடுது. வெளிச்சம் உள்ள வர்ற வழியை அடைக்குது, அவ்வளவுதான். சேனலுக்கும் வெளிச்சம் நேரடியாத் தெரியாது.

கார்த்தி: சேனலை மூடுறது கால்சியம்தான்னு ரொம்ப நாள் ஒரு கட்சி இருந்துச்சு. 1985ல சோவியத்ல ஃபெசென்கோ குழு தவளைக் குச்சி செல்லோட சவ்வுல ஒரு துண்டைப் பிச்செடுத்து, உள்பக்கத்துல சைக்ளிக் ஜிஎம்பி விட்டுப் பார்த்தாங்க. ஏடிபி இல்லாமலே திறந்துச்சு. சண்டை முடிஞ்சுது.

சித்ரா அத்தை: கால்சியத்துக்கும் வேலை இருக்குடா, ஆனா திரும்பி வர்றதுல. சவ்வுல ஒரு மாற்றி இருக்கு, 4 சோடியத்தை உள்ள விட்டு 1 கால்சியம், 1 பொட்டாசியத்தை வெளியே அனுப்பும். சேனல் மூடினா கால்சியம் வராது, ஆனா மாற்றி நிக்காது. அப்ப உள்ள கால்சியம் சரசரன்னு குறையும். குறைஞ்சதும் சைக்ளிக் ஜிஎம்பி தயாரிக்கிற நொதி வேகமாகி சேனலைத் திரும்பத் திறக்க வைக்கும். வெளிச்சத்துக்குக் கண்ணு பழகுறதுல இதுக்குப் பெரிய பங்கு.

லலிதா பெரியம்மா: இதெல்லாம் சரி, நம்ம அருணுக்கு வியாழக்கிழமை இஆர்ஜின்னு ஒரு விழித்திரை டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்காங்க. 20 நிமிஷம் இருட்டுல உக்காரணுமாம். எதுக்கு?

கார்த்தி: இதே கரண்டைத்தான் பெரியம்மா அளக்கப் போறாங்க. 20 நிமிஷம் இருட்டுல இருந்தாத்தான் குச்சி செல்லு நல்லாத் தயாராகும். முதல்ல சதுர மீட்டருக்கு 0.01 கேண்டெலா-நொடி அளவுல மங்கலா ஃபிளாஷ் அடிப்பாங்க, அப்புறம் 3, அப்புறம் 10. வரைபடத்துல முதல்ல கீழ இறங்குற ஏ அலை, இருள் மின்னோட்டம் அடைபடுறது. மேல ஏறுற பி அலை, அடுத்த வரிசை இருமுனை செல்லோடது. ஏ அலையே சின்னதா இருந்தா ஒளி வாங்குற செல்லுலயே கோளாறு. பலமான ஃபிளாஷுக்கு ஏ நல்லா இருந்து பி மட்டும் படுத்துட்டா செய்தி கைமாறுற இடத்துலயோ அதுக்கு அப்புறமோ கோளாறு, பிறவி மாலைக்கண்ல சில வகை அப்படி.

லலிதா பெரியம்மா: அவன் போனை நோண்டாம உக்காருவானா?

கார்த்தி: போனை வாங்கி வச்சிடுங்க. நடுவுல ஒரு தடவை திரையைப் பார்த்தாலும் மங்கல் ஃபிளாஷோட பி அலை குறைஞ்சு, இல்லாத நோயைக் காட்டலாம். அன்னிக்குக் கண்ணை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்திருந்தா 30 நிமிஷமாவது சாதாரண வெளிச்சத்துல இருந்துட்டு, அப்புறம்தான் இருட்டுக் கணக்கை ஆரம்பிக்கணும். தலைக்கு எண்ணெய் வேண்டாம், நெத்தியிலயும் கண்ணோரத்துலயும் எலெக்ட்ரோடு ஒட்டாது. சரியா ஒட்டலைன்னா 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் வரைபடம் முழுக்க நெளியும்.

நிவேதா: மாத்திரை ஏதாவது சாப்பிட்டா முன்னாடியே சொல்லணும்ல?

கார்த்தி: ஆமா. குடும்ப குரூப்ல சொல்லக் கூச்சமா இருக்கு, சில்டெனாஃபில்னு ஒண்ணு 🙈 அது குறிவைக்கிறது பிடிஇ5ங்கிற நொதியை, ஆனா பிடிஇ6ஐயும் கொஞ்சம் அமுக்கும். சிலருக்குச் சில மணி நேரம் எல்லாம் நீலமாத் தெரியும்.

ராமு பெரியப்பா: 🙄

கார்த்தி: பெரியம்மா, சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைப்பாங்க. இருட்டு முடிஞ்சதும் 10 நிமிஷம் வெளிச்சத்துல வச்சு, நல்ல வெளிச்சத்துல பார்க்க உதவுற கூம்பு செல்லையும் பார்ப்பாங்க. மொத்தம் ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க. திரும்பும்போது வெயில் கூசும், கூலிங்கிளாஸ் எடுத்துட்டுப் போங்க. அருணை வண்டி ஓட்ட விடாதீங்க, ஆட்டோல வந்துடுங்க.