தசாப்தத்துக்கு ஓர் இசைத்தொகுப்பு: யாழ்ப்பாணத்தில் கேட்ட காதின் வாக்கு

ஒவ்வொரு தசாப்தத்துக்கும் அடையாளமான ஒரே ஓர் இசைத்தொகுப்பு எது என்ற கேள்விக்கு, தங்கள் அனுபவங்களைச் சொன்னவர்களுள் பலர் எழுபதுகளுக்கு பிளீற்வூட் மாக் குழுவின் ‘ரூமர்ஸ்’ என்றும், எண்பதுகளுக்கு டயர் ஸ்ரெயிற்ஸ் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆம்ஸ்’ என்றும் வாக்களித்திருக்கிறார்கள். இரண்டின் தரத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொகுப்பு தன் தசாப்தத்தின் அடையாளமா என்று பார்க்க, அது அக்காலத்து மனிதர்களின் காதுக்கு எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்களுக்கு அது பெரும்பாலும் இசைத்தட்டாக வரவில்லை. நகரின் றெக்கோடிங் பார்களிலிருந்து, அதாவது பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகளிலிருந்து, கசற்றாகத்தான் வந்தது. கொப்பித்தாள் ஒன்றில் பாட்டுகளை வரிசையாக எழுதி, வெற்றுக் கசற்றுடன் கொடுத்துவிட்டு வந்தால், சில நாட்களில் பதிந்து வைத்திருப்பார்கள். ஒரே கசற்றில் அபா குழுவின் பாட்டும் இருக்கும், ஒரு கிறிஸ்மஸ் பாட்டும் இருக்கும். நாடா மிஞ்சினால் கடைக்காரர் தமக்குப் பிடித்த ஒன்றால் அதை நிரப்பிவிடுவார். பொனி எம் குழுவின் பாட்டு ஒன்று முடிந்த கையோடு ரி. எம். சௌந்தரராஜன் பாடத் தொடங்கும் கசற் ஒன்று எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது. அந்த வரிசையே எனக்குப் பழகிப்போனதால், இன்றும் அந்தப் பாட்டு முடியும்போது அவர் குரலை எதிர்பார்க்கிறேன்.

இப்படித் துண்டு துண்டாகக் கேட்ட ஊரில், முழுத் தொகுப்பாக என் கைக்கு வந்த முதலாவது, பிங்க் ஃபுளொயிட் என்ற ஆங்கில றொக் குழுவின் ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’. கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த இசைத்தட்டை நானும் அண்ணனும் கடைக்கு எடுத்துச் சென்று, நல்ல பாட்டுகளை மட்டும் தெரிந்து பதியச் சொன்னோம். கடைக்காரர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை வெட்டக்கூடாது, 90 நிமிடக் கசற்றில ஒரு பக்கம் முழுக்க விடுவம்” என்றார். அவர் கணக்குச் சரியானது: அத்தொகுப்பு ஏறக்குறைய 43 நிமிடம், கசற்றின் ஒரு பக்கம் 45 நிமிடம். முதற்பக்கம் முடிந்ததும் பதிவை நிறுத்தி, தட்டைத் திருப்பி, மீண்டும் விட்டபோது நாடாவில் ஒரு சிறு ‘டிக்’ விழுந்துவிட்டது. அதைத் தொடர்ந்து காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் நாணயங்கள் விழும் ஓசையும் வருவதால், அவை கடையின் மேசை லாச்சியிலிருந்து பதிவானவை என்று அண்ணன் பல காலம் நம்பியிருந்தார். உண்மையில் ‘மணி’ (Money, பணம்) என்ற பாட்டு தொடங்குவதே அப்படித்தான். நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி அந்தத் தாளத்தை உண்டாக்கியிருந்தார்கள்.

1973 மார்ச்சில் வெளியான அத்தொகுப்பு, அமெரிக்காவின் வாராந்த இசைத்தொகுப்புத் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் 1988 வரையில் மொத்தமாக 700 வாரங்களுக்கு மேல் இடம் பிடித்திருந்தது. எனினும் என் வாக்குக்குக் காரணம் அந்த எண்ணிக்கை அன்று. காலம், பணம், மனப்பிறழ்வு, மரணம் ஆகியவற்றைப் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியின்றித் தைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு வாத்தியமாக்கிய அந்தத் துணிவு எழுபதுகளுக்கே உரியது. அறுபதுகளில் பீற்றில்ஸின் ‘சார்ஜன்ற் பெப்பர்’ அதற்கு வழி திறந்தது. 1967இல் அது வெளிவந்தபோது அதிலிருந்து ஒரு பாட்டைக்கூடத் தனிப்பாட்டுத் தட்டாக (சிங்கிள்) விடவில்லை. ஆகவே அறுபதுகளைப் பற்றி எனக்கு அதிகம் விவாதமில்லை.

‘ரூமர்ஸ்’ அணியினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி பாடியது அதை அன்று, பொனி எம்மின் 1978ஆம் ஆண்டுத் தொகுப்பைத்தான். அதில் எல்லோரும் துள்ளியாடிய ‘றிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ விவிலியத்தின் 137ஆம் சங்கீதம் என்பதையும், அது நாடு கடத்தப்பட்டவர்களின் புலம்பல் என்பதையும் நாங்கள் கவனித்தது, 1995 ஒக்ரோபரில் ஊரோடு இடம்பெயர்ந்த பின்னர்தான். ஆயினும் ஒரு பாட்டின் பலத்தில் தொகுப்புக்கு வாக்களிக்க முடியாது.

எண்பதுகளுக்கு என் தெரிவு மைக்கல் ஜாக்சனின் ‘திரில்லர்’. அதே கசற்றின் மறுபக்கத்தில், 42 நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக, அதுவும் முழுதாகப் பொருந்தியது. வீடியோ டெக்கும் ரிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பூட்டி விடிய விடியப் படம் பார்த்த இரவுகளில், இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே அதன் நீண்ட வீடியோவைப் போட்டபோது, பாயில் நித்திரையாய்க் கிடந்த சிறுவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். அதன் 9 பாட்டுகளுள் 7 தனித்தனியாக வெளியாகி அமெரிக்காவில் முதற் பத்துக்குள் வந்தவை என்பதால், றெக்கோடிங் பாரில் எப்படிப் பிய்த்துப் பதிந்தாலும் அது சிதையவில்லை.

அதற்கு மேலும் ஒரு சோதனை 1990இல் வந்தது. ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபின் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் கசற்றைக் கேட்டோம். சுற்றுபவர் சற்றுக் களைத்தால் பாட்டு இழுபட்டு ஆழத்துக்கு இறங்கிவிடும். பிங்க் ஃபுளொயிட் அந்த வதையைத் தாங்கவில்லை; மெதுவான இடங்களில் சுற்றுபவரின் கை தன்னையறியாமலே தளர்ந்து, கிற்றார் மாடு கத்துவதுபோல் ஆகிவிடும். ‘பில்லி ஜீன்’ தொடங்கினாலோ அதன் ட்றம்ஸே சுற்றுபவருக்குத் தாளம் கொடுத்தது. கை அதன் வேகத்துக்கே சுற்றியது, பாட்டு அசையாமல் நின்றது. ஆடுவதற்கென்று இவ்வளவு கறாராகச் செதுக்கிய ஒலிதான் எண்பதுகள் என்று நான் வாதிடுவது இந்த அனுபவத்தினால்தான். ‘பிரதர்ஸ் இன் ஆம்ஸ்’ 1985இல் இறுவட்டின் (சீடி) வருகையை அறிவித்தது உண்மையே. ஆனால் அந்த இறுவட்டு எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்தத் தசாப்தமே முடிந்திருந்தது.

தொண்ணூறுகளுக்கு நிர்வானாவின் ‘நெவர்மைன்ட்’ என்று கனடாவிலுள்ள என் மச்சான் அடித்துச் சொல்கிறார். 1991 செப்டெம்பரில் அது வெளியானபோது நாங்கள் இங்கே பெடல் சுற்றிக்கொண்டிருந்தோம்; எனவே அந்தத் தசாப்தத்துக்கான வாக்கை அவருக்கே விட்டுவிடுகிறேன்.