சோளத்தோடு எந்தப் பயறு? போன தடவை இரண்டுமே தேறவில்லை

வெள்ளாமைக்காரன்:
இரண்டு ஏக்கர் மானாவாரி. போன பருவத்தில் சோளத்தையும் தட்டைப்பயறையும் ஒன்றாகக் கலந்து கையால் வீசி விதைத்தேன். கொடி சோளத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டது, காய் பேருக்குத்தான். களையெடுக்கக் கால் வைக்க இடமில்லை. மழை விழுந்ததும் காடு முழுக்க யூரியா வேறு வீசினேன். பயறு மண்ணுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் என்கிறார்களே, என் சோளத்துக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்த முறை துவரை போடலாமா, தனிச் சோளமே போதுமா?

ஏர்க்கால்:
தாராளமாகத் துவரை போடுங்கள். பக்கத்தில் பயறு இருந்தால் சோளத்துக்கு யூரியாவே வேண்டாம்.

மூன்றாம்சால்:
ஏர்க்கால் அண்ணா, அதை நம்பி ஒரு பருவம் நானும் உரம் போடாமல் விட்டு, சோளம் மஞ்சளாக நின்றதைப் பார்த்தவன். பயறு பிடிக்கிற தழைச்சத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். உதிர்ந்த இலையும் வேரும் மக்கிய பிறகு அடுத்த பயிருக்குத்தான் பங்கு கிடைக்கும். யூரியாவைக் காடு முழுக்க வீசினால் பயறு சோம்பேறியாகிவிடும், தழைச்சத்தைப் பிடிக்கிற வேர்முடிச்சு குறையும். சோளச் சாலில் (வரிசையில்) மட்டும், ஈரம் பார்த்துப் போடுங்கள். பூக்கும் சமயம் ஒரு செடியைத் தோண்டி முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஏன் இரண்டையும் சேர்ப்பது? இரண்டுக்கும் பசி வெவ்வேறு நேரத்தில் வருவதால்தான். துவரை முதல் 50 நாள் இருக்கும் இடமே தெரியாது. அதற்குள் சோளம் நன்றாக வளர்ந்துவிடும். என் காட்டில் சோளம் 105 நாளில் அறுவடை. அப்போது இடுப்பளவு நிற்கும் துவரை, வெயில் பட்டதும் இரண்டு பக்கமும் கிளையை விரித்து ஆழ்மண் ஈரத்தில் 170 நாள் வரை ஓட்டும். உங்கள் தட்டைப்பயறும் சோளமும் ஒரே நேரத்தில் ஒரே ஈரத்துக்கு அடித்துக்கொண்டன. அதுவும் கொடி ரகம்.

நான் இரண்டு சால் சோளம், ஒரு சால் துவரை என்று போடுகிறேன். சாலுக்குச் சால் 45 சென்டிமீட்டர். களைக்கொத்து தாராளமாகப் போகும். ஒரு பேச்சுக்கு, தனியாகப் போட்டால் வருவதில் சோளம் முக்கால் பங்கும் துவரை பாதியும் வந்தால்கூட ஒரு ஏக்கரில் ஒன்றேகால் ஏக்கர் விளைச்சல்.

ஒரு தடவை ஆள் கிடைக்காமல் கதிரை மட்டும் கொய்துவிட்டுச் சோளத்தட்டையை அப்படியே விட்டேன். பின்மழைக்கு அது மறுதழைவு விட்டு, துவரைக்கென்று மிஞ்சியிருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது. மாட்டுக்குத் தீவனம் கிடைத்ததுதான் மிச்சம். தட்டையை அடியோடு அறுத்துவிடுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். உங்கள் மண் எவ்வளவு ஆழம்?

வெள்ளாமைக்காரன்:
இன்று தோண்டிப் பார்த்தேன். கீழ்க்காட்டில் மூன்று அடிக்கும் கரிசல்தான். மேட்டில் ஒன்றரை அடியிலேயே சுக்கான் பாறை தட்டுகிறது.

மூன்றாம்சால்:
அப்படியானால் மேட்டில் துவரை வேண்டாம். மழை நின்ற பிறகு அதற்குக் குடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. 65, 70 நாளில் முடிகிற, கொடி ஓடாத குத்துத் தட்டைப்பயறு வாங்கி, நான்கு சால் சோளத்துக்கு இரண்டு சால் போடுங்கள். கொடி ரகமா என்று விதை தருபவரிடம் இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள். துவரையைக் கீழ்க்காட்டில் வையுங்கள். பயறு விதையில் பூச்சிக்கொல்லி, பூசண மருந்து எது கலந்தாலும் முதலில் அதைக் கலந்து, ஒரு நாள் விட்டு ரைசோபியம் (வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்து நிழலில் உலர்த்துங்கள். நான் இரண்டையும் ஒரே வாளியில் கலந்த வருஷம் ஒரு முடிச்சைக்கூடக் காணோம்.